செயலி எழுதுவோர் சம்மதம்

சீன தேசத்து ஹுவாவே கம்பெனியார் 2024-ம் வருஷம் அக்டோபர் மாதம் 22-ந் தேதி ஹார்மனி நெக்ஸ்ட் என்ற கைபேசி இயங்குதளத்தை முறைப்படி வெளியிட்டனர். அதைப்பற்றி நம் தேசத்தில் போதிய ஆலோசனை நடந்ததாக நாம் கருதவில்லை. கைபேசி விற்பனைச் செய்திகளோடு ஒன்றாக அதையும் வைத்துப் படித்துவிட்டு மறந்தோர் பலர். உண்மையில் அன்று நடந்தது விற்பனைச் சங்கதி அன்று. பல வருஷங்களாக உலகத்துக் கைபேசிகள் ஏறக்குறைய அனைத்தும் இரண்டே அமெரிக்கக் கம்பெனிகளின் தளங்களில் அடங்கியிருக்கின்றன. ஒன்று கூகிளின் ஆண்ட்ராய்டு. மற்றொன்று ஆப்பிளின் ஐ.ஓ.எஸ். ஹார்மனியின் முந்தைய பதிப்புகளும் பெயரளவில் தனித்தளமாக விளங்கினவேயன்றி, ஆண்ட்ராய்டுக்கென எழுதிய செயலிகளை ஏற்று ஓட்டியே பிழைத்தன. அக்டோபரில் வந்த பதிப்பு அந்தக் கொடியை அறுத்தது. ஆண்ட்ராய்டுச் செயலிகளை அது நேராக ஏற்பதில்லை. அதில் ஓட வேண்டிய செயலி ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து புதிதாக எழுதியாக வேண்டும்.

ஒரு கம்பெனி தன் கையாலேயே தன் தளத்திலிருந்து லக்ஷக்கணக்கான செயலிகளை வெளியேற்றிற்று என்றால், அது பைத்தியக்காரத்தனமா, தீர்க்காலோசனையா? இக்கேள்விக்கு விடை தேடுவது நமக்கும் அவசியமாகும். சுதேசி இயங்குதளம் வேண்டும் என்ற கோரிக்கை நம் நாட்டில் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. எழும்பொழுது அது இஞ்சினீயர்களின் திறமையைப்பற்றியும் தேச கௌரவத்தைப்பற்றியுமே பேசுகிறது. செயலி எழுதுகிறவனைப்பற்றி அது பேசி நாம் கேட்டதில்லை.

இயங்குதளம் என்பது என்ன? ஊருக்கு வெளியே ஒருவர் சந்தைக்கு இடம் வகுத்து, கொட்டகை போட்டு, கிணறும் வெட்டி வைக்கிறார் என்று கொள்வோம். கடைக்காரர் வராவிட்டால் வாங்குவோர் வரமாட்டார். வாங்குவோர் இல்லாத இடத்துக்குக் கடைக்காரர் மூட்டை சுமந்து வரமாட்டார். யார் முதலில் வருவது என்பதே சந்தை வைத்தவரின் தலைவேதனை. கைபேசித் தளத்தில் கடைக்காரர் என்பவர் செயலி எழுதுகிறவர். அவரை வரவழைக்க வெறும் அழைப்புப் பத்திரம் போதாது. எழுதுவதற்கு ஒரு மொழி, பிழை கண்டறியும் கருவிகள், புரியும்படியான விளக்க நூல்கள், சோதித்துப் பார்க்க யந்திரம், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள், விற்ற பணம் காலத்தில் கைக்கு வரும் ஏற்பாடு ஆகிய இத்தனையும் வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாக, இன்று எழுதியது மூன்று வருஷங்களுக்குப் பின்னும் ஓடும் என்ற நம்பிக்கை வேண்டும்.

ஆப்பிள் கம்பெனியாரும் இதைத் தொடக்கத்தில் முற்றிலும் உணர்ந்திருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 2007-ல் ஐபோன் வந்தபொழுது வெளியார் எழுதிய செயலிகளை அதில் நேராக ஏற்ற வழியில்லை. 2008 மார்ச்சில்தான் கருவித்தொகுப்பு வந்தது. ஜூலை 10-ந் தேதி 500 செயலிகளுடன் கடை திறந்தது. விற்ற தொகையில் நூற்றுக்கு 70 எழுதினவருக்கு, 30 கடைக்கு என்ற ஏற்பாடும் அன்று ஏற்பட்டதே. அந்த 30 என்ற எண் பிற்காலத்தில் எத்தனை வியாஜ்யங்களுக்கு வித்தாயிற்று என்பதை நேயர்கள் அறிவார்கள்.

ஹுவாவே விஷயத்துக்கு வருவோம். 2019 மே 16 முதல் அமெரிக்க வர்த்தக இலாகா அந்தக் கம்பெனியைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கக் கம்பெனிகள் விசேஷ அனுமதியின்றி அதற்குச் சரக்கோ தொழில்நுட்பமோ தரலாகாது என்பதே அதன் பொருள். கூகிளும் புதிய ஹுவாவே கைபேசிகளுக்குத் தன் சேவைகளைத் தராது நின்றது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் மூல நிரல் திறந்த உரிமத்தின்கீழ் உள்ளது. அதை யாரும் எடுத்தாளலாம், அதைத் தடுக்க முடியாது. ஆனால் செயலிக் கடை, தேசப்படம், அறிவிப்பு அனுப்புதல், இருப்பிடம் காட்டுதல், பயனரை அடையாளங்காணுதல் முதலியவை அந்தத் திறந்த மூலத்தில் இல்லை. அவை கூகிளின் சொந்த உடைமை. செயலி எழுதுவோர் பல வருஷங்களாக அறிந்தும் அறியாமலும் தங்கள் செயலிகளை அவற்றின்மீதே கட்டிவிட்டனர். வீடு நம்முடையது, ஆனால் அஸ்திவாரம் அடுத்தவன் மனைக்கட்டில் என்ற நிலை. அதே 2019 செப்டம்பரில் ஜெர்மனியின் மூனிக் நகரத்தில் ஹுவாவே வெளியிட்ட மேட் 30 கைபேசியில் கூகிள் கடை இல்லை. மாற்றுச் சேவைகளை வளர்த்துச் செயலி எழுதுவோரை ஈர்க்க 100 கோடி டாலர் ஒதுக்குவதாக அன்று மேடையிலேயே அறிவித்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்டு 9-ந் தேதி, தொங்குவான் நகரத்து மகாநாட்டில் ஹார்மனியின் பெயர் முதன்முதல் வெளிவந்தது.

அப்பெயரைத் தாங்கி 2021 ஜூன் 2-ந் தேதி கைபேசிகளுக்கு வந்த பதிப்பைப் பரிசோதித்தவர்கள், உள்ளே ஆண்ட்ராய்டு இருப்பதைக் கண்டு நகைத்தார்கள். நகைத்ததில் நியாயம் உண்டு. ஆயினும் பழைய செயலிகள் ஓடாத கைபேசியை அன்று யார் வாங்கியிருப்பார்கள்? அவகாசம் வாங்கவே அந்த வேஷம் வேண்டியிருந்தது. வேஷத்தையே உருவமாக்கிக்கொண்டு நின்றுவிடாமல் மூன்று வருஷத்தில் அதைக் களைந்தார்களே, அதுதான் விசேஷம். இதன் அருமையை உணர இரண்டு பழங்கதைகளைப் பார்ப்பது நலம்.

முதலாவது ஐ.பி.எம். கம்பெனியின் கதை. 1992-ல் அக்கம்பெனியார் ஓ.எஸ். 2 என்ற தளத்தின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டனர். அது மைக்ரோஸாப்டின் விண்டோஸுக்கென எழுதிய நிரல்களையும் செம்மையாக ஓட்டும். அதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். நிரல் எழுதும் கம்பெனிகள் என்ன நினைத்தன? விண்டோஸுக்கு ஒருமுறை எழுதினால் இரண்டிலும் விற்கும்; ஓ.எஸ். 2-க்கு எழுதினால் ஒன்றில்தான் விற்கும். பிறகு எதற்காகத் தனியே எழுதுவது? அவ்வாறே எழுதாமல் விட்டார்கள். 1995-ல் புதிய விண்டோஸ் வந்தது. அதற்கென எழுதிய புதிய நிரல்களை ஓ.எஸ். 2 ஓட்டமாட்டாமல் நின்றது. விருந்தாளிகளை நம்பிச் சமையற்கட்டை மூடிவைத்த வீட்டின் கதியே அதன் கதியாயிற்று.

இரண்டாவது பிளாக்பெர்ரி. கனடா தேசத்து அந்தக் கம்பெனி 2013 ஜனவரி 30-ந் தேதி பத்தாம் எண் தளத்தை வெளியிட்டது. செயலிக் கணக்கைப் பெருக்க அவர்கள் செய்யாத யத்தனம் இல்லை. ஆண்ட்ராய்டுச் செயலிகளை மூட்டை மாற்றிக் கட்டி அனுப்பலாம் என்றார்கள். அப்படி அனுப்பும் செயலி ஒவ்வொன்றுக்கும் 100 டாலர் தருவதாகச் சொல்லி நடத்திய ஒரு வாரக்கடைசிப் போட்டியில், ஒன்றரை நாளுக்குள் 15,000 செயலிகள் குவிந்தன. தரமுத்திரை பெற்ற செயலி முதல் வருஷத்தில் 1,000 டாலர் சம்பாதித்துவிட்டால், 10,000 டாலருக்குக் குறையும் பாக்கியைக் கம்பெனியே தரும் என்றும் வாக்களித்தார்கள். பலன்? அதே வருஷம் ஆகஸ்டில் வெளியான கணக்கின்படி கடையிலிருந்த சுமார் 1,20,000 செயலிகளில் 47,000-க்கு மேற்பட்டவை ஒரே நிறுவனம் எழுதிப் போட்டவை! தலைக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் தலைகள் வரும்; ஜனங்கள் தேடிய இன்ஸ்டாகிராம் வரவில்லை. எண்ணிக்கையைத் தூக்கிக் காட்டும் சர்க்கார் அறிக்கைகளைப் படித்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இவ்விரண்டையும்விட நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது மைக்ரோஸாப்டின் கைபேசித் தளத்தின் கதையாகும். பணத்திலும் திறமையிலும் அக்கம்பெனிக்குக் குறைவேது? செயலி எழுதுவோரைப் போற்றி வளர்த்தே பெரிதானது அது. அதன் கருவிகள் மிகச் சிறந்தவை என்று எதிரிகளும் ஒப்புவர். 2010-ல் விண்டோஸ் போன் வந்தது. 2011 பிப்ரவரி 11-ந் தேதி, அன்று உலகிலேயே அதிகக் கைபேசி விற்ற நோக்கியா தன் சொந்தத் தளத்தைக் கைவிட்டு இதனோடு சேர்ந்தது. கைபேசி செய்வோருண்டு, பணமுண்டு, கருவியுண்டு, வேறென்ன வேண்டும்?

2012 ஜூனில் ஒரு செய்தி வந்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் போன் 8 முற்றிலும் வேறு அடித்தளத்தின்மேல் கட்டப்படும். அன்றுவரை விற்ற கைபேசி எதற்கும் அது கிடைக்காது. அமெரிக்காவில் லூமியா 900 என்ற கைபேசியை ஏப்ரலில் பெரிய விளம்பரத்தோடு விற்றிருந்தார்கள். வாங்கியவன் மூன்றாம் மாதமே ஏமாந்தான். அவனைவிட அதிகம் ஏமாந்தவன் செயலி எழுதியவன். பழைய செயலி புதிய கைபேசியில் ஓடும் என்பது மெய்யே. புதிதாக எழுதுவது பழைய கைபேசியில் ஓடாது. விளையாட்டு எழுதுவோருக்கு முன்பு தந்த கருவித்தொகுப்பு இனி வளராது என்றும் தெரிந்தது. 2014-ல் வந்த பதிப்பில் எழுதும் முறை மறுபடி மாறிற்று. 2015-ல் விண்டோஸ் 10-உடன் மூன்றாம் முறை மாறிற்று. ஆண்ட்ராய்டுச் செயலிகளை அப்படியே கொண்டுவரப் பாலம் போடுவதாக அறிவித்து, 2016 பிப்ரவரியில் அந்தப் பாலத்தையும் கைவிட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இஞ்சினீயரிங் நியாயம் ஒன்று இருந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிறு கம்பெனி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்துவது, தன் செயலியை ஐந்து வருஷத்தில் எத்தனை முறை திருப்பி எழுதும்? ஆப்பிளுக்கு எழுதியவன் அதே காலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போனான்.

முடிவை எல்லோரும் அறிவர். 544 கோடி யூரோவுக்கு நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கிய மைக்ரோஸாப்ட், 2015 ஜூலையில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளி, 7,800 பேரை வேலையிலிருந்து நீக்கிற்று. நம்மவர் இதைப் படிக்கையில் ஸ்ரீபெரும்புதூரை நினையாதிருக்க முடியாது. 2006-ல் அங்கே திறந்த நோக்கியா தொழிற்சாலை, வரி வழக்கில் சிக்கி மைக்ரோஸாப்டுக்குக் கைமாறாமல் நின்று, 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு நேர்க்காரணம் வழக்கேயன்றித் தளமன்று. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆயினும் தன் தளத்தை இழந்த கம்பெனி கைபேசித் தொழிலையே விற்க நேர்ந்ததும், ஆயிரக்கணக்கான தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் வீதிக்கு வந்ததும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள்.

இந்தச் சரித்திரத்தை ஹுவாவே கம்பெனியார் நன்றாகப் படித்திருக்க வேண்டும். அவர்கள் எண்ணிக்கையில் மயங்கவில்லை. அக்கம்பெனியின் தலைவர் ஸ்தானத்தை முறைவைத்து வகிப்போரில் ஒருவரான எரிக் ஷூ 2024 ஏப்ரலில் சொன்ன கணக்கு இது: சீனத்தில் பயனர்கள் தங்கள் கைபேசியில் செலவிடும் நேரத்தில் நூற்றுக்கு 99 பங்கு 5,000 செயலிகளில் அடங்கும், முதலில் அந்த 5,000-த்தைப் பெயர்த்தால் போதும். ஆகவே லக்ஷங்களை விட்டுவிட்டு ஆயிரங்களைத் தேடிப் போனார்கள். உணவு கொண்டு தரும் மெய்துவான் கம்பெனி 2023 இறுதியிலேயே இசைந்தது. பணம் செலுத்த உதவும் அலிபே முதலியன தொடர்ந்தன. பெரிய கம்பெனிகளோடு தனித்தனி உடன்படிக்கை. தங்கள் இஞ்சினீயர்களையும் உதவிக்கு அனுப்பினார்கள். எழுதும் மொழியிலும் புத்திசாலித்தனம் தெரிகிறது. ஆர்க் டி.எஸ். என்ற அவர்கள் மொழி, வலைத்தளத் தொழிலில் லக்ஷக்கணக்கானோர் ஏற்கெனவே பழகியுள்ள டைப்ஸ்கிரிப்டை ஒட்டியமைந்தது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு வழி. சீன எழுத்துக்களை வகுத்ததாக ஐதிகம் கூறும் ஸாங்ஜியே என்பவரின் பெயரால் இன்னொரு புது மொழியையும் 2024 ஜூனில் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அதைக் கற்றே தீர வேண்டுமென்று எவரையும் நிர்ப்பந்திக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு சீனர் எவரும் இன்றியமையாததாகக் கருதும் வீசாட் பிந்தியே வந்தது. 2024 அக்டோபரில் சோதனைப் பதிப்பாக, அழைக்கப்பெற்ற சிலருக்கு மட்டும் தலைகாட்டிற்று. அதன் சொந்தக்காரரான டென்சென்ட் கம்பெனியாருக்கு அவசரம் இல்லை. வீசாட் இல்லாத கைபேசியைச் சீனத்தில் விற்க முடியாது என்பதை இருதரப்பாரும் அறிவர். சந்தை வைத்தவரை நம்பிக் கடைக்காரர் இருப்பது ஒருவகை. கடைக்காரரை நம்பிச் சந்தை வைத்தவர் இருப்பது இது. வெளியீட்டு நாளில் 15,000 செயலிகளும் சிறு சேவைகளும் இருப்பதாக ஹுவாவே சொல்லிற்று. தளம் முதிர்ந்ததென்று சொல்ல 1,00,000 வேண்டும் என்று அடுத்த மாதமே எரிக் ஷூ ஒப்புக்கொண்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆண்ட்ராய்டுச் செயலிகளை ஓர் உறைக்குள் வைத்து ஓட்டித்தரும் மாற்றுவழிச் செயலிகள் பின்னால் அதே கடையிலேயே தோன்றியதையும் மறைப்பதற்கில்லை. வாசலை அடைத்தாலும் புழக்கடை திறந்துதான் இருக்கிறது. புழக்கடை எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்பதைப் பொறுத்தே ஓ.எஸ். 2-இன் கதி இதற்கும் நேருமா என்பது தெரியும்.

இது முழுவதும் செயலி எழுதுவோரின் மனமுவந்த சம்மதத்தால் நடந்ததென்று நாம் சொல்லமாட்டோம். கூகிளின் கடை சீனப் பெருநிலத்தில் இயங்குவதேயில்லை. ஆகையால் கூகிள் சேவைகளை விட்டுக்கொடுப்பது அங்கே யாருக்கும் நஷ்டமாகவில்லை. சர்க்காரின் கையும் இருக்கிறது. ஹுவாவேயின் தலைமை ஸ்தானமான ஷென்ஜென் நகரத்தின் நிர்வாகம் ஹார்மனிச் செயலிகளைப் பெருக்குவதற்கென்றே 2024-ல் ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. அமெரிக்கத் தடையால் எழுந்த தேசாபிமானம் வேறு. இத்தனை சௌகரியங்களும் ஒருங்கே அமைந்த தேசம் இன்னொன்றில்லை. சீனத்துக்கு வெளியே, கூகிள் சேவைகளில் ஊறிய மலேயாவிலோ ஐரோப்பாவிலோ இதே தளத்துக்குச் செயலி எழுதுவோர் திரளாக வருவார்களென்று சொல்ல நாம் தயாராக இல்லை.

சட்ட விஷயத்தையும் சிறிது ஆலோசிக்க வேண்டும். புதிய தளம் பிறவாமலிருப்பதற்கு இஞ்சினீயர்களின் குறைவு மட்டுமே காரணமென்று நினைப்போர் 2012 செப்டம்பரில் நடந்ததை அறியார். தைவான் தேசத்து ஏஸர் கம்பெனி, அலிபாபாவின் அலியுன் என்ற தளத்தில் ஒரு கைபேசியை ஷாங்காய் நகரத்தில் வெளியிட நாள் குறித்திருந்தது. கடைசி நேரத்தில் வெளியீடு நின்றது. அந்தத் தளத்தில் கைபேசி செய்தால் ஆண்ட்ராய்டுக் கூட்டுறவு முறியும் என்று கூகிள் எச்சரித்ததாக அலிபாபா வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டிற்று. அலியுன் ஆண்ட்ராய்டின் பொருந்தாத கிளை என்பதே கூகிளின் வாதம். கூகிள் கடையுடன் கைபேசி விற்க விரும்பும் கம்பெனி, ஆண்ட்ராய்டின் மாறுபட்ட கிளைகளில் கைபேசி செய்யமாட்டேன் என்று கையெழுத்திட வேண்டியிருந்தது. வக்கீல் தொழிலில் பழகியவர்கள் இத்தகைய நிபந்தனையின் வலிமையை உடனே உணர்வார்கள். கடை திறக்குமுன்பே எதிர்க்கடைக்குச் சரக்கு வராதபடி செய்துவிடுகிறது அது. ஐரோப்பியக் கமிஷன் 2018 ஜூலையில் 434 கோடி யூரோ அபராதம் விதித்ததற்கு இந்த ஷரத்தும் ஒரு காரணம். நம் போட்டி ஆணையமும் 2022 அக்டோபர் 20-ந் தேதி இதே வழியில் சென்று கூகிளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. சில கட்டளைகளை நீக்கிவிட்டு அபராதத்தை 2023 மார்ச்சில் மேல் நியாயஸ்தலமும் ஊர்ஜிதம் செய்தது. ஷரத்து தளர்ந்தது நன்றே. ஆனால் கதவு திறந்தால் மட்டும் ஆள் வந்துவிடுவதில்லையே!

2024 மார்ச் 1-ந் தேதி நடந்ததை நம் வர்த்தகர் மறந்திருக்கமாட்டார்கள். கட்டணத் தகராறில், சென்னையிலிருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட இந்தியச் செயலிகள் பலவற்றைக் கூகிள் தன் கடையிலிருந்து நீக்கிற்று. மத்திய சர்க்கார் தலையிட்டபின் சில நாளில் அவை திரும்ப வந்தன. கூகிளின் பக்ஷத்திலும் நியாயம் உண்டு. கடை நடத்தக் கூலி கேட்பது தவறன்று. ஆனால் தகராறு தீருமுன் கடையை விட்டு வெளியேற்றும் அதிகாரம் ஒரு கக்ஷியின் கையிலேயே இருந்தது. மந்திரியைத் தொலைபேசியில் கூப்பிட வசதியில்லாத சிறு கம்பெனிக்கு அந்த நிலை வந்திருந்தால்?

நம் சுதேசி முயற்சிகளை இந்த வெளிச்சத்தில் பார்ப்போம். 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த பாரத் ஓ.எஸ். என்ற தளத்தை மத்திய மந்திரிகள் இருவர் சோதித்துப் பார்த்தனர். அது ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தின்மேல் கட்டியது. செய்தவர்களின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முன்னே சொன்ன அஸ்திவாரச் சங்கடம் இங்கேயும் வரும். நம் பாங்கிச் செயலிகள் பல, கைபேசி நம்பத்தக்கதா என்பதைக் கூகிளைக் கேட்டே தீர்மானிக்கின்றன. கூகிள் சேவை இல்லாத கைபேசியை அவை சந்தேகக் கண்ணோடு பார்க்கும். சில திறக்கவே மறுக்கும். பாங்கி திறக்காத கைபேசியை இன்று காய்கறிக்காரரும் வாங்கார்.

ஜியோ கைபேசியின் கதை வேறு. 2017-ல் வந்த அது காய் ஓ.எஸ். என்ற மூன்றாவது தளத்தைக் கோடிக்கணக்கான ஏழை ஜனங்களின் கையில் சேர்த்தது. வாங்குவோர் முதலில் வந்தாயிற்று. வாட்ஸாப்பும் 2018-ல் வந்தது. சந்தை நிறைந்ததென்றே தோன்றிற்று. ஆனால் 2021-ல் அதே ஜியோ வெளியிட்ட அடுத்த கைபேசி ஆண்ட்ராய்டில் வந்தது. தளத்தை நட்டவரே அடுத்த வீட்டுக்குக் குடிபோனபின் அங்கே யார் புதிதாகச் செயலி எழுதுவார்? 2024 ஜூனில் வாட்ஸாப்பும் காய் ஓ.எஸ். கடையிலிருந்து எடுக்கப்பட்டது.

2025 செப்டம்பர் இறுதியில் ஸோஹோ கம்பெனியாரின் அரட்டைச் செயலியைச் சுதேசி உற்சாகத்தோடு ஜனங்கள் திரள்திரளாக இறக்கிக்கொண்டனர். ஆப்பிளின் இந்தியக் கடையில் அது முதலிடம் பெற்றதைப் பெருமையாகச் சொன்னோம். எந்தக் கடையில் முதலிடம் என்பதை நினைத்துப் பார்த்தவர் சிலரே.

ஆகவே மூன்றாவது தளம் வேண்டுமென்போர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, நம் 5,000 எவை என்பதே. நம் கணக்கில் அது 5,000 கூட அன்று. பணம் செலுத்துவது, பாங்கி, ரெயில் டிக்கெட்டு, சர்க்கார் பத்திரங்கள், செய்தி பரிமாறுதல் என்று விரல்விட்டு எண்ணத்தக்கவை முன்வந்தால் மற்றவை பின்வரும். இவற்றில் டிஜிலாக்கரும் உமங்கும் இந்திய சர்க்காரின் சொந்தச் செயலிகள். பீம், தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தினுடையது. அக்கழகம் லாபநோக்கமற்ற கம்பெனி, ரிசர்வ் பாங்கியின் கண்காணிப்புக்கு உட்பட்டது. சுதேசித் தளமொன்று நாளை வந்து கதவைத் தட்டுமானால் அதில் இவற்றை வெளியிடவும், ஐந்து வருஷத்துக்குப் பராமரிப்பதாக எழுத்தில் உறுதி சொல்லவும், கைபேசியின் நம்பகத்தைச் சோதிக்கக் கூகிளைச் சாராத முறையொன்றைப் பாங்கிகளுக்கு வகுத்துத் தரவும் டில்லி உத்தியோகஸ்தர்கள் கலிபோர்னியாவில் யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.